மூன்றாவது துளை

நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள் மாமா என்று மாப்பிள்ளை காலையில் போனில் சொன்னார், இப்போது மணி மூன்று இருபது, தலைக்கு மேலே மின்விசிறி செத்துப்போய் நிற்கிறது, மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கு நிறுத்திய கரண்ட் நாலு மணிக்குத்தான் வரும். முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று சுவரில் மாட்டுகிற பெரிய சார்ஜர். ஏழு கிலோவாட், நாலரை மணி நேரத்தில் கார் நிறைந்துவிடும், ஆனால் கடையிலிருந்து ஆள் வந்து வீட்டு வயரிங்கைச் சோதித்த பிறகுதான் மாட்டுவார்கள். இன்னொன்று வண்டியோடு வந்த சின்ன சார்ஜர், செங்கல் அளவில் ஒரு பெட்டியும் வாலும், சாதாரணப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சொருகினால் போதும், பத்து மணி நேரம் ஆகும். யாரும் வந்து எதையும் பார்க்க வேண்டாம். பெரியதா சின்னதா. இதில் இத்தனை நாள் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் மனைவி வடிவு கேட்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்திய மனுஷன் ஒரு பிளக் பாயின்டை முடிவு செய்யப் பதினாறு நாளாகத் திணறுகிறான் என்று தென்காசியில் இருக்கிற அவள் தம்பியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். சிரிக்கிற வரைக்கும் நல்லது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் போர்டிகோவில் வெள்ளை எலக்ட்ரிக் கார். மாப்பிள்ளையுடையது. ஓசூரிலிருந்து சுகந்தியைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்டவர், வலி எடுக்கிற நேரத்தில் ஆட்டோவுக்கு அலையக் கூடாது என்று வண்டியையும் இங்கேயே விட்டுவிட்டு ரயிலில் போனார். நல்ல மனுஷன். எட்டாம் மாதம் நடக்கிறது. ஆஸ்பத்திரி இங்கிருந்து நாலு கிலோமீட்டர். நான் என்னவோ கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பப் போகிறவன் மாதிரி தினமும் நூறு சதவீதம் இருக்க வேண்டும் என்று பிளக்கைச் சொருகிக்கொண்டே இருக்கிறேன். தொண்ணூற்றொன்பது என்று காட்டினால்கூட எனக்குத் தூக்கம் வராது. "அப்பா, அறுபது இருந்தாலே இருவது தடவ பிள்ள பெத்துட்டு வரலாம்" என்று சுகந்தி கேலி செய்கிறாள். இப்போதும் பிளக் சொருகித்தான் இருக்கிறது. கரண்ட் வந்ததும் ஏறட்டும் என்று காலையிலேயே சொருகி, சுவிட்சையும் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கறுப்பு ஒயர் தரையில் வளைந்து கிடக்கிறது. அதைப் பார்க்காமல் தாளைப் பார்க்கிறேன். தாளில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு சார்ஜரைக் கையில் பிடித்திருக்கிறாள், அவள் வீட்டுத் தரை காய்ந்து பளபளவென்று இருக்கிறது.

முதல் நாள் சொருகியபோது அந்தச் செங்கல் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வண்டி ஒரு துளிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எர்த், அதாவது மண்ணுக்குள் இறங்குகிற கம்பி, இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி வேலை செய்யாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், புத்தி உள்ள பெட்டி. நான் எலக்ட்ரீஷியன் தேவசகாயத்துக்குப் போன் போட்டேன். அவன் வந்து பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எர்த்து சுத்தமா இல்ல சார். குழி காஞ்சிருக்கும். தண்ணி ஊத்தாம விட்டுட்டிய போல" என்றான். குழியைத் திறந்து புது உப்பும் கரியும் போட்டால் சரியாகிவிடும் என்று அவன் கடப்பாரைக்குப் போகிற நேரம், வடிவு குறுக்கே வந்து நின்றாள். மாசமாக இருக்கிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தோண்டுகிறதாவது, இடிக்கிறதாவது. சுவரில் ஓர் ஆணி அடிக்க விடாதவள் அவள், வளைகாப்புப் போட்டோவை மேஜை மேல் சாய்த்துத்தான் வைத்திருக்கிறாள். தேவசகாயமும் வீட்டில் பெண்டு பிள்ளை உள்ளவன், உடனே தலையை ஆட்டினான். "வாஸ்தவந்தாம்மா. பிள்ள பெறக்கட்டும், அப்புறம் தோண்டிக்கிடலாம். இப்பதைக்கு ஒரு சின்ன வயரு போட்டு விடுதேன்." ஒரு விரல் நீள வயர். மூன்று துளையில் மேலே இருக்கிற பெரிய எர்த் துளையையும், கீழே கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் துளையையும் உள்ளுக்குள் இணைத்துவிட்டான். சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது. பெட்டியை ஏமாற்றியாகிவிட்டது. வடிவு அவனுக்குக் காப்பி கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயர் என்ன செய்யும் என்று அந்த இடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் வாயைத் திறக்கவில்லை. நியூட்ரல் எங்கேயாவது ஒரு நாள் விட்டுப்போனால், உள்ளே வருகிற கரண்ட் வெளியே போக வழியில்லாமல் அந்த விரல் நீள வயர் வழியாக வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க ஏறி நிற்கும். யாராவது வந்து தொடுகிற வரைக்கும் சத்தமில்லாமல் நிற்கும்.

பத்தாம் வகுப்புப் பாடம் இது. கரும்பலகையில் நான் பச்சைச் சாக்பீஸால்தான் எர்த் வயருக்குக் கோடு போடுவேன். மரகதம் என்று ஒரு பிள்ளை, மூன்றாவது பெஞ்ச், எழுந்து கேட்டது, "சார், பச்சை வயர்ல ஒண்ணுமே ஓடாதுன்னா அது எதுக்கு சார்?" நல்ல கேள்வி. அதில் ஒன்றும் ஓடாமல் இருக்கிற வரைக்கும்தாம்மா வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் என்றேன். வகுப்பே கை தட்டியது. கை தட்டு வாங்கிய அதே வாத்தியார்தான் நாலு வருஷத்துக்கு முன்னால், வடிவு தென்காசிக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை, கொத்தனாரைக் கூப்பிட்டு ஈசான மூலையில் இருந்த எர்த் குழியைத் தோண்டி, கம்பியைப் பிடுங்கி, செங்கல் துண்டும் சிமென்டும் போட்டு நிரப்பி, சந்தேகம் வராமல் இருக்கப் பழைய சிமென்ட் மூடியையே மேலே வைத்து மூடினான். கம்பியைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டேன். சுகந்திக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்திருந்தது. பார்க்க வந்த பதினோரு பேரும் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். வடிவு ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தாள், அவர் வீட்டைச் சுற்றிவிட்டு, ஈசானத்தில் உப்பும் கரியும் புதைத்துக் கம்பியும் இறக்கியிருக்கிறீர்களே, பெண்ணுக்கு எப்படி அமையும் என்றார். அவர் முன்னால் நான் சிரித்தேன். உப்பும் கரியும் ஈரம் தங்குவதற்கு ஐயா என்று பாடம் நடத்தினேன். வடிவு அழுதாள், நான் அசையவில்லை, ஆசிரியர் ஓய்வறையில் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். அப்புறம் பன்னிரண்டாவது ஆளும் வந்து, தின்றுவிட்டு, போனார். அன்று சுகந்தி தட்டுகளைக் கழுவிக்கொண்டே எங்களுக்குக் கேட்காமல் அழுதாள். எனக்குக் கேட்டது. அந்தப் புதன்கிழமை அதற்கு அடுத்த வாரம் வந்தது. ஏழு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அதனால்தான் நடந்தது என்று நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நம்பாதவன் எதற்குத் தினமும் சொல்லிக்கொள்ள வேண்டும். குழியை மறுபடி திறந்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. எட்டாம் மாதத்தில் திறந்தால். ஒன்றும் ஆகாது. பிறகு ஏன் உள்ளங்கை வேர்க்கிறது. வேறு இடத்தில் புதுக் குழி போடலாமே என்றால் மூன்று சென்ட் மனையில் மண் தெரிகிற இடம் அந்த மூலை ஒன்றுதான், மற்றதெல்லாம் தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, சுவர். பெரிய சார்ஜர் என்று மாப்பிள்ளையிடம் சொன்னால் நாளைக்குக் கடை ஆள் வருவான், எர்த் குழி எங்கே சார் என்பான், மூடியைத் தூக்குவான். உள்ளே செங்கல் துண்டு. வடிவு பார்ப்பாள். சின்னதே போதும் என்று சொல்லிவிட்டால் யாரும் வரமாட்டார்கள், மூடி மூடியபடி இருக்கும், அந்த விரல் நீள வயரும் இருக்கும். சார்ஜரையா தேர்ந்தெடுக்கிறேன் நான்.

அந்த மூலையில் சொளக்கென்று சத்தம். வடிவு குடத்தைக் கவிழ்க்கிறாள். தேவசகாயம் குழி காய்ந்துவிட்டது என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு பதினாறு நாளாகத் தினமும் ஒரு குடம் தண்ணீர் அந்த மூடியின் ஓட்டையில் ஊற்றுகிறாள், மாசமாக இருக்கிற பிள்ளைக்குக் காவல் என்று ஊற்றுகிறாள், எதையோ முணுமுணுத்துக்கொண்டுகூட ஊற்றுகிறாள். உள்ளே சிமென்ட். தண்ணீர் எங்கே இறங்கும். ஓட்டை நிரம்பி வழிந்து, மூடியைச் சுற்றி வந்து, சரிவில் மெதுவாக நகர்ந்து, காரின் முன்சக்கரத்தைத் தொட்டு, அடியில் பரவுகிறது. எர்த் நல்லாக் குடிக்கிது என்று அவள் சொல்கிறாள். நான் போய் ஒன்றும் சொல்வதில்லை. போன வருஷம் ஃபிரிட்ஜ் கைப்பிடி சுருக்கென்கிறது என்றாள், அது வெயில் காலத்தில் துணியில் உண்டாகிற மின்சாரம், ஒன்றும் செய்யாது என்றேன், கடைக்குப் போய் ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டேன். அறிவியல் தெரிந்தவன் பொய் சொன்னால் அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நம்பினாள். இந்த வீட்டில் கரண்ட் சம்பந்தமாக நான் சொல்வதை எல்லாரும் நம்புவார்கள். சுகந்தி சின்னப் பிள்ளையில் இடி இடித்தால் ஓடிவந்து, எங்கப்பா கிட்ட இருந்தா ஒண்ணும் செய்யாது என்று என் வேட்டிக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள்.

மூன்று நாற்பத்தெட்டு. ஒரு வாரமாக ராத்திரியில் விளக்கு மங்குகிறது. மிக்ஸி போட்டால் டியூப் லைட் கண் சிமிட்டுகிறது. வண்டி சார்ஜ் ஏறும்போது மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போனால் லேசாகக் கருகின வாசனை, ரப்பர் சூடாகிற மாதிரி. மீட்டருக்கு இந்தப் பக்கம் நம்ம வயர்லதான், நியூட்ரல் முனை லூசா இருக்கு சார், வந்து இறுக்கித் தாரேன் என்று தேவசகாயம் போகும்போது சொன்னான். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி எர்த் பேச்சு வரும். இரும்போ செம்போ, சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். பதினைந்து நாள் சார்ஜ் ஏறும்போதெல்லாம் சூடாகிக்கொண்டிருந்த ஒரு முனை, இன்றைக்குக் காலையிலிருந்து ஏழு மணி நேரமாக ஆறிக்கொண்டிருக்கிறது. இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் என்ன, பத்தடிதான். பிடுங்கினால் ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்பார்கள். சும்மா என்று சொல்லலாம். நான் எதையும் சும்மா செய்கிறவன் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். நாலு மணி ஆகட்டும், மாப்பிள்ளையிடம் சின்னதே போதும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் தேவசகாயத்தை ரகசியமாகக் கூப்பிட்டு, பிரசவம் முடிந்து, பிள்ளைக்குப் பேர் வைத்து, அப்புறம்.

சுகந்தி ஒரு மணி நேரமாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சும்மா இரு என்றால் கேட்பதில்லை, நடந்தால்தான் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையில் ஈரத்துணி, வெறுங்கால். கார் கதவில் தூசியைத் துடைத்து, அதில் தன் முகத்தைப் பார்த்து, வயிற்றைப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இருபத்தெட்டு வயது வரை கண்ணாடி பார்க்கவே கூச்சப்பட்ட பிள்ளை. துணியை அலச அவள் பின்கட்டுக்குப் போகிறாள். எதிர்வீட்டில் திடீரென்று தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம். பக்கத்து வீட்டில் டிவி பாதியில் பேச ஆரம்பிக்கிறது. பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து விசிறியைப் பார்த்தேன். விசிறி நின்றபடி இருந்தது. அடுக்களையில் ஃபிரிட்ஜும் வாயைத் திறக்கவில்லை. "ஏங்க, நமக்கு மட்டும் வரலயே!" என்று மூலையிலிருந்து வடிவு சத்தம் போட்டாள். நமக்கு மட்டும் வரவில்லை. ஆமாம், நமக்கு மட்டும் ஏன். ஃபியூஸ் போயிருக்குமோ. எதிர்வீட்டுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்கு வந்தது, நமக்கு வரவில்லை என்றால் வரவில்லை என்றா அர்த்தம். வந்துவிட்டது. உள்ளே வந்துவிட்டது, திரும்பிப் போகத்தான் வழி இல்லை. தாள்கள் மடியிலிருந்து விழுந்தன. ஜன்னலுக்கு வெளியே கறுப்பு ஒயர், தண்ணீர், தண்ணீரில் வெள்ளைக் கார், பக்கத்துச் சந்திலிருந்து சுகந்தி சொட்டச் சொட்டத் துணியோடு வருகிறாள், தண்ணீரில் கால் வைத்துவிட்டாள், கையை நீட்டுகிறாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கனவில்தான் இப்படி ஆகும். இது கனவு இல்லை, பகல், எதிர்வீட்டு மோட்டார் ஓடுகிறது.

"தொடாதே!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் மேல்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. சுகந்தி அப்படியே நின்றாள். கை கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. துணி கீழே விழுந்தது. "தொடாத, பின்னால போ, அந்தத் தண்ணிய விட்டு வெளிய போ, வண்டியத் தொடாத" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன், நிலைப்படிக்கு வெளியே ஈரமில்லாத பக்கம் நின்று, பிளக்கை இழுத்துப் பிடுங்கினேன். வால் தண்ணீரில் விழுந்தது. சுகந்தி சுவரோரம் ஒதுங்கி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கரண்டே வரலயேப்பா, எதுக்கு இப்படிக் கத்துறீங்க, உயிரே போயிட்டு" என்றாள். வடிவு வெறுங்குடத்தோடு ஓடிவந்தாள். நான் அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்தேன், பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பழைய டெஸ்டர். கீழே வலதுபக்கத் துளையில் வைத்தேன், எரிந்தது. எரிய வேண்டியதுதான். இடதுபக்கம் வைத்தேன், எரிந்தது. மேலே இருக்கிற பெரிய துளையில் வைத்தேன். ஒன்றுமே ஓடக் கூடாத துளை அது. சின்னச் சிவப்புப் புழு மாதிரி உள்ளே எரிந்தது. விசிறி ஓடாத, விளக்கு எரியாத வீட்டில் அது மட்டும் எரிந்தது. வண்டியில் ஏறியிருக்க வேண்டியது. என் பிள்ளை கையில் ஏறியிருக்க வேண்டியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மெயின் சுவிட்சை இறக்கிய பிறகு கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். வடிவு முன்னால் வந்து நின்றாள். "என்ன செய்யுதிய? மாசமா இருக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு? ஈசான மூலையில?" நான் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மூடிக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். மூடி புரண்டது. உள்ளே செங்கல் துண்டுகள், சிமென்ட், அதன் மேல் அவள் இன்று ஊற்றிய தண்ணீர் விரற்கடை ஆழத்துக்குத் தேங்கி நின்றது.

"கம்பி எங்க?" என்றாள் வடிவு.

"நாந்தான் பிடுங்குனேன். நீ தென்காசிக்குப் போயிருந்தப்போ. சுகந்தி கல்யாணத்துக்காக."

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள், திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு அந்த வாஸ்துக்காரர் முன்னாடி அப்படிச் சிரிச்சீங்களேப்பா" என்றாள், அவ்வளவுதான். வடிவு குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அங்கிருந்து கிளம்பி, மூடியைத் தாண்டி, தரையில் தண்ணீர் போன வழியே மெதுவாகப் போய், கார்ச் சக்கரத்துக்கு வந்து, அதன் பக்கத்தில் ஈரத்தில் பதிந்திருந்த பிள்ளையின் கால் தடத்தில் நின்றது.

"அப்ப நான் இத்தன நாளும் ஊத்துன தண்ணி?"

"கீழ ஒண்ணும் இல்ல வடிவு. உள்ள இறங்கவே இல்ல."

குடத்தைக் கீழே வைத்தாள். கழுத்தில் கிடந்த தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பி, "சுகந்தி, உள்ள போயி இரு. வயித்துல கை வச்சுக்க" என்றாள். பிறகு புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்து கையை நீட்டினாள். சுவரில் ஓர் ஆணி அடிக்க விடாதவள். எனக்கு முதலில் புரியவில்லை.

"தள்ளுங்க" என்று என் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினாள். முதல் குத்திலேயே சிமென்ட் பிளந்தது.